ஒரே கப்பல், ரெண்டு லைன், ரெண்டு ரேட்: அப்ப இவங்க எதுலதான் போட்டி போடுறாங்க?

பனியன்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில ஷிப்பிங் வேலை பாக்குறேன். இத்தனை நாளா எங்க ஆர்டர் எல்லாமே எஃப்.ஓ.பி. பையர் எந்தக் கப்பல் லைனைச் சொல்றாரோ அதுல புக் பண்ணி, தூத்துக்குடி வரைக்கும் சரக்கைச் சேத்துட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சுது. எந்த லைன் நல்லது, எது மோசம்னு யோசிக்கிற வேலையே இல்லைங்க.

இப்ப ஜெர்மனி பையர் ஒருத்தர் சி.ஐ.எஃப். கேக்குறார். ஹாம்பர்க் வரைக்கும் ஃப்ரைட்டும் (கப்பல் கூலி) இன்சூரன்சும் நம்ம தலையில. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மூணு லைன்ல கொட்டேஷன் வாங்கு, வருஷக் கான்ட்ராக்ட் போடலாம், யாருக்குன்னு நீயே சொல்லு"ன்னுட்டார்.

நாப்பதடி ஹை க்யூப் (உயரம் கூடின பெட்டி) ஒண்ணுக்கு ரேட் வாங்கினேன். முதல் ரெண்டு லைனுக்கும் நடுவுல கொஞ்சம் வித்தியாசம். மூணாவது லைன் நல்லாவே கம்மி. ஆனா எனக்குக் குழப்பம் அதுல இல்லைங்க. முதல் ரெண்டு லைனும் கொடுத்த ஷெட்யூலைப் பக்கத்துல வச்சுப் பாத்தா, தூத்துக்குடியில இருந்து ஃபீடர்ங்கிற சின்னக் கப்பல்ல கொழும்பு போய், அங்க பெட்டி மாறுற பெரிய கப்பல், அதான் மதர் வெசல், ரெண்டுக்கும் ஒரே பேரு. தேதியும் ஒண்ணு. என் பெட்டி எந்த லைன்ல போனாலும் அதே கப்பல்லதான் போகப்போகுது. அப்புறம் எதுக்கு ரெண்டு ரேட்டு? கப்பலே ஒண்ணுன்னா ஒரு லைன் இன்னொரு லைனை விட நல்லதுன்னு எதை வச்சுச் சொல்றது?

தெரிஞ்சவங்க சொல்லுங்க. முதலாளிகிட்ட போய் "சீப்பா இருக்கு, அதனால இது"ன்னு மட்டும் சொன்னா திட்டு வாங்குவேன்.

---

கணக்குப்பிள்ளை:

இதுல இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? பெட்டி பெட்டிதான். கடலும் ஒண்ணுதான். பெரிய கப்பல் வச்சிருக்கிறவனுக்கு ஒரு பெட்டிக்கு ஆகிற செலவு கம்மி, அதனால ரேட்டும் கம்மி. கப்பல் லைன்கள்ல எம்.எஸ்.சி. எப்படி முதலிடத்துக்கு வந்தான்? ஒரே கப்பல்ல இருபத்துநாலாயிரம் இருபதடிப் பெட்டி ஏத்துறான். கம்மி ரேட் கொடுக்கிற மூணாவது லைனுக்கே போங்க. திட்டினா ரேட் ஷீட்டைக் காட்டுங்க.

---

முத்துநகர் ஃபார்வர்டர்:

தம்பி, தூத்துக்குடியில பீச் ரோட்டுப் பக்கம் சின்னதா ஃபார்வர்டிங் ஆபீஸ் (ஏற்றுமதிக்காரங்களுக்குக் கப்பல்ல இடம் புக் பண்ணித் தாற வேலை) வச்சிருக்கேன். கணக்குப்பிள்ளை சார் சொன்னதுல பாதி சரி. மிச்சப் பாதியை நம்பி வருஷக் கான்ட்ராக்ட் போட்டுராதீங்க.

மொதல்ல அந்த ஒரே கப்பல் சமாச்சாரம். ஆசியா–ஐரோப்பா ரூட்டுல எம்.எஸ்.சி. மட்டுந்தான் பெரும்பாலும் தனி ஆவர்த்தனம். மத்தவங்க எல்லாம் கூட்டு. 2025 பிப்ரவரியில இருந்து மெர்ஸ்க்கும் ஹபாக் லாய்டும் சேந்து ஜெமினி. சி.எம்.ஏ. சி.ஜி.எம்., காஸ்கோ, எவர்கிரீன், ஓ.ஓ.சி.எல். நாலும் ஓஷன் அலையன்ஸ். ஒன் (ONE), எச்.எம்.எம்., யாங் மிங் மூணும் பிரீமியர். ஆளுக்கு இத்தனை கப்பல் போடணும். போட்டதுக்கு ஏத்த மாதிரி கூட்டுல உள்ள எல்லாக் கப்பல்லயும் ஸ்லாட் (பெட்டி வைக்க இடம்) கிடைக்கும். கப்பல் பொது, வியாபாரம் தனி. ரேட்டைச் சேந்து பேசி வைக்கக் கூடாது. முன்னாடி கான்ஃபரன்ஸ்னு ஒரு முறை இருந்தது; லைன்காரங்க உக்காந்து ஊருக்கு ஊர் ரேட் நிர்ணயிப்பாங்க. ஐரோப்பாவுல 2008 அக்டோபரோட அதுக்கு மூடுவிழா.

ஆக அந்தக் கப்பல்ல உங்க பெட்டிக்கு ஆகுத கடல் செலவு ரெண்டு லைனுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பெரிய கப்பல் வச்சு ஒருத்தன் இன்னொருத்தனை எப்படி ஜெயிக்க முடியும்? ஜெயிக்க முடிஞ்ச காலம் ஒண்ணு இருந்தது, மறுக்கல. 2006ல மெர்ஸ்க் எம்மா மெர்ஸ்க்கை இறக்கினப்போ உலகமே வாயைப் பொளந்துச்சு. 2013ல டிரிப்பிள்-இ வந்துச்சு, பதினெட்டாயிரம் பெட்டிக்கு மேல. கப்பல் ஒண்ணு பத்தொன்பது கோடி டாலர். அந்த முன்னிலை எத்தனை நாள் நின்னுச்சு? கொரியாக்காரன் கப்பல் கட்டுத யார்டுல காசு கொடுத்தா யாருக்கும் கட்டித் தருவான். ரெண்டு மூணு வருஷத்துல எல்லார்கிட்டயும் அதே கப்பல். இன்னைக்கு எம்.எஸ்.சி. ஐரினா 24,346 பெட்டி. எல்லாரும் பெருசா வாங்கினா ஏத்துததுக்கு அவ்வளவு சரக்கு எங்க இருக்கு? 2016 மார்ச்சுல ஷாங்காய்ல இருந்து வட ஐரோப்பாவுக்கு இருபதடிப் பெட்டி 205 டாலருக்குப் போச்சு. எண்ணெய்ச் செலவுக்குக் கூடக் காணாது. கப்பல் கிளம்பிட்டா காலி ஸ்லாட்டு அப்பமே செத்துப் போச்சு, அதனால கிடைச்சது லாபம்னு விக்கான். ஒருத்தன் விக்க ஆரம்பிச்சா அடுத்தவனும் இறங்கித்தான் ஆகணும்.

சரி, வித்தியாசம் எங்க இருக்கு? எல்லாரும் கடலைப் பாப்பாங்க. நான் பெட்டி அடுக்குத யார்டைப் பாக்கச் சொல்லுதேன்.

தூத்துக்குடியில என்ன இறங்குது? மரத்தடி, முந்திரிக்கொட்டை, பழைய பேப்பர். கனமான சரக்கு, நிறைய இருபதடியில வரும். இங்க இருந்து என்ன போகுது? உங்க பனியன், பொள்ளாச்சிப் பக்கத்து தென்னைநார்த் தூள். எடை கம்மி, இடம் ஜாஸ்தி. நாப்பதடி ஹை க்யூப் வேணும். இறங்குத பெட்டியும் ஏத்துத பெட்டியும் பொருந்தாது. அப்போ லைன்காரன் ஹை க்யூபைக் காலியா கொழும்புல இருந்தோ வேற எங்க இருந்தோ சுமந்துட்டு வரணும். காலிப் பெட்டிக்கு எவன் ஃப்ரைட் கொடுப்பான்? தூக்குகூலி, கப்பல்ல இடம், யார்டு வாடகை எல்லாம் லைன்காரன் கைக்காசு. எந்த லைனுக்கு இந்தப் பக்கம் நாப்பதடியில இறக்குமதி பண்ணுத பார்ட்டி நாலு பேர் இருக்காங்களோ, அந்த லைனுக்கு உங்க பெட்டி சும்மா கிடைக்குது. இல்லாத லைனுக்கு அதே பெட்டி செலவு. ஒரே கப்பல்ல ரெண்டு ரேட்டுன்னு கேட்டீங்களே, அதுல பாதி இங்க இருந்து வருது.

இன்னொண்ணும் இருக்கு. பெட்டி கிடைச்சாப் போதாது, துணிக்கு ஆகுத பெட்டியா இருக்கணும். முந்திரிக்கொட்டை வாடை அடிக்கிற பெட்டியில வெள்ளை டி-ஷர்ட்டை ஏத்துவீங்களா? எங்க பையன் பெட்டிக்குள்ள போய்க் கதவைச் சாத்தி நிப்பான். எங்கயாவது பொட்டு வெளிச்சம் தெரிஞ்சா ஓட்டை, திருப்பி அனுப்பிருவோம். சில லைன் மாத்திப் பெட்டி கேட்டா முகம் சுளிக்காம தருவான். சிலவன் "ஸ்டாக் இல்ல, அதையே கழுவி எடுத்துக்கோங்க"ம்பான். ரேட் ஷீட்டுல இதுக்கு ஒரு கட்டமும் கிடையாது.

இந்தச் சின்ன ஊர்ல நடக்குததுதான் உலக அளவுலயும். சீனாவுல இருந்து நிறைஞ்சு போகுத பெட்டி அமெரிக்காவுல இருந்து பாதிக்கு மேல காலியாத்தான் திரும்பும். 2021ல ரேட் எகிறுனப்போ லைன்காரங்க அமெரிக்க விவசாயி சரக்குக்குக் கூடக் காத்திருக்கல. காலிப் பெட்டியை அப்படியே ஆசியாவுக்குத் திருப்பி ஓட்டுனாங்க, சீக்கிரம் போனா அடுத்த நிறைப்பெட்டி கிடைக்கும்னு. அந்தக் கூச்சல்ல 2022 ஜூன்ல அமெரிக்கா கப்பல் சட்டத்தையே திருத்துச்சு. அந்த நேரம் நம்மூர்ல ஒரு பெட்டிக்கு நாம நாயா அலைஞ்சது உங்க சீனியருங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

அடுத்து கெட்ட வருஷம். இந்தத் தொழில்ல நல்ல வருஷத்துல யாரும் ஜெயிக்கல தம்பி, எல்லாரும்தான் சம்பாதிக்கான். 2022ல மெர்ஸ்க் லாபம் இருபத்தொன்பது பில்லியன் டாலர். கெட்ட வருஷத்தைத் தாங்குதவன் யாருன்னு பாருங்க. ஹான்ஜின், உலகத்துல ஏழாவது பெரிய லைன். 2008 சரிவுக்கு முன்னால சந்தை உச்சத்துல இருந்தப்போ நீண்ட கால வாடகைக்குக் கப்பல் எடுத்து மாட்டிக்கிட்டான். சந்தை விழுந்த பிறகும் வாடகை மட்டும் அதே வாடகை. 2016 ஆகஸ்ட் கடைசியில கோர்ட்டுக்குப் போனான். போர்ட்டுக்காரன் எவனும் காசை முன்னால வைக்காம உள்ள விடல. சுமார் 14 பில்லியன் டாலர் சரக்கோட கப்பல்கள் கடல்லயே நின்னுச்சு. அதே கொரியாவுல அதே நேரத்துல மூச்சு முட்டிக்கிட்டு இருந்த எச்.எம்.எம். பிழைச்சுக்கிட்டான். அரசு வங்கி பின்னால நின்னுச்சு, கப்பல் முதலாளிங்க வாடகையைக் குறைச்சாங்க. 2020ல பன்னிரண்டு பெரிய கப்பல் கைக்கு வந்துச்சு, ரேட் ஏறுன நேரம் பாத்து. ஹான்ஜினை விட இவனுக்குத் திறமை ஜாஸ்தின்னு நான் சொல்ல மாட்டேன்.

எங்க ஊர்க்காரனுக்கு இது புதுசும் இல்ல. 1906ல வ.உ.சி. சுதேசிக் கம்பெனி ஆரம்பிச்சு தூத்துக்குடி–கொழும்பு கப்பல் விட்டார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரன் டிக்கெட்டைக் குறைச்சான், குறைச்சான், கடைசியில சும்மாவே ஏத்தி கையில ஒரு குடையும் கொடுத்தான்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளையும் சொல்லும். 1908ல அவரை உள்ள தள்ளினாங்க, 1911ல கம்பெனியைக் கலைச்சாங்க. அடக்குமுறை ஒரு பக்கம். அதைத் தனியா எழுதணும். நட்டத்தை யார் அதிக நாள் தாங்குவான்னு நடந்த போட்டி இன்னொரு பக்கம்.

எம்.எஸ்.சி. ஏன் முதலிடம்னு கேட்டா, பெரிய கப்பல்னால மட்டும் இல்ல. அது அப்போன்தே குடும்பத்துக் கம்பெனி. 1970ல ஒரு பழைய கப்பல்ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் பங்குச் சந்தையில கிடையாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம். 2020 கொரோனாவுல ஆளாளுக்குக் கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திட்டு முழிச்சுக்கிட்டு இருந்தான். அந்த ஆகஸ்ட்ல இருந்து எம்.எஸ்.சி.காரங்க பழைய கப்பலா வாங்கிக் குவிச்சாங்க. இது வரைக்கும் முந்நூறுக்கும் மேல. சின்னது, பெருசு, வயசானது எல்லாம். 2022 ஜனவரியில மெர்ஸ்க்கைத் தாண்டியாச்சு. மெர்ஸ்க்கு வேணும்னே கப்பல் எண்ணிக்கையைக் கூட்டாம, கிடங்கு, லாஜிஸ்டிக்ஸ்னு கரையில காசு போட்டுக்கிட்டு இருந்தான். ரெண்டுல எது புத்திசாலித்தனம்? எனக்குக் கப்பல் வாங்குனவன் பக்கந்தான் சாய்வு. மெர்ஸ்க் ரூட்டுல போகுத நண்பர்கள் என்னைத் திட்டுவாங்க.

---

லீவில் இருக்கும் சீஃப் இன்ஜினியர்:

அண்ணாச்சி கரையிலிருந்து பார்த்ததை எழுதிவிட்டார். நான் இன்ஜின் ரூமிலிருந்து ஒன்று சொல்கிறேன். கன்டெய்னர் கப்பல்களில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே கூட்டணிக்குள்ளேயும் எரிபொருள் செலவு எல்லாக் கப்பலுக்கும் ஒன்றல்ல. இன்ஜின் இழுக்கும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் மணிக்கு எரியும் எண்ணெய் இருபத்தேழு சதவீதம் குறையும். பயணம் நீளுவதையும் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் பத்தொன்பது சதவீதம் மிச்சம். 2008க்குப் பிறகு எல்லோரும் மெதுவாக ஓட்ட ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம். எம்மா மெர்ஸ்க் காலத்துக் கப்பல்கள் இருபத்தைந்து நாட் வேகத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அவற்றைப் பதினெட்டில் ஓட்டினால் முன்மூக்கின் வடிவமே தண்ணீருக்கு ஒத்துவராது. அதனால் பல கம்பெனிகள் நல்ல மூக்கை வெட்டி எறிந்துவிட்டு வேறு மூக்கு வைத்தன. புரொப்பல்லரையும் மாற்றின. அப்படிச் செலவழித்தவர்களுக்கு அந்தப் பழைய கப்பலே லாபக் கப்பல் ஆனது.

மெதுவாகப் போவதற்கும் விலை உண்டு. வாரம் ஒரு கப்பல் வேண்டுமென்றால், ஒரு சுற்றுக்கு எத்தனை வாரமோ அத்தனை கப்பல் வேண்டும். சுற்று பத்து வாரத்திலிருந்து பன்னிரண்டு ஆனால் இன்னும் இரண்டு கப்பல். 2023 கடைசியில் செங்கடலில் ஹூதிகள் தாக்கத் தொடங்கி, எல்லோரும் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தபோது நடந்ததும் அதுதான். சந்தையில் மிதமிஞ்சிக் கிடந்த கப்பல்களைத் தூரமே விழுங்கிவிட்டது, 2024இல் ரேட் மறுபடி ஏறியது. யாரும் திட்டம் போட்டு ஜெயித்ததல்ல.

நாங்கள் கப்பலில் அதிகம் கவலைப்படுவது துறைமுகத்தைப் பற்றி. டெர்மினலில் ஆறு மணி நேரம் முன்னதாக விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நிதானமாகப் போகலாம், எண்ணெய் மிச்சம். ஆறு மணி நேரம் தாமதமானால் அந்த நேரத்தைப் பிடிக்க இன்ஜினை விரட்டச் சொல்லி பிரிட்ஜிலிருந்து போன் வரும். கரையில் கிரேன்காரர் வேலை செய்யும் வேகம் என் எண்ணெய்க் கணக்கில் தெரியும். கம்பெனிகள் டெர்மினலை ஏன் வாங்குகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடிக் காரணம் இதுதான்.

---

பனியன்காரன்:

அண்ணாச்சி, சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. காலிப் பெட்டி பத்தி இப்படி யோசிச்சதே இல்ல. போன சீசன்ல பெட்டி மாத்தச் சொல்லி எங்க ஆளு சி.எஃப்.எஸ்.ல (பெட்டியில சரக்கு ஏத்துற கிடங்கு) ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாரு. அது எந்த லைன்னு இப்பத்தான் தேடிப் பாத்தேன், பேர் இங்க வேண்டாம்.

ஒரு சந்தேகம். மூணாவது லைன் ஷெட்யூல்ல கொழும்புல பெட்டி ஒரு வாரம் நிக்குதுன்னு போட்டிருக்கு. மத்த ரெண்டுலயும் ரெண்டு மூணு நாள்தான். கொழும்பு கொழும்புதானே, ஏன் இந்த வித்தியாசம்?

---

கொழும்புத்துறை:

வணக்கம் தம்பி. நான் கொழும்பில ஒரு முனையத்தில திட்டமிடல் பகுதியில வேலை செய்யிறன். உங்கட கேள்விக்கு விடை: கொழும்பு ஒண்டுதான், ஆனால் முனையங்கள் வேற வேற. ஒரு முனையத்தில சீன நிறுவனத்துக்குப் பெரும்பங்கு. 2013இல திறந்தது, பெரிய கப்பல்களுக்கெண்டே ஆழமாக் கட்டினது. இன்னொண்டில மெர்ஸ்க்கின்ர ஏ.பி.எம். பங்காளி. மேற்கு முனையம் அதானியும் ஜோன் கீல்ஸும் சேர்ந்து கட்டினது, 2025 ஏப்ரலில தொடங்கினது. இவை தவிர துறைமுக அதிகாரசபையின்ர முனையங்களும் இருக்கு.

தூத்துக்குடியில இருந்து வாற ஃபீடர் ஒரு முனையத்தில பெட்டியை இறக்கி, தாய்க்கப்பல் மற்ற முனையத்தில கட்டினால் பெட்டி லொறியில துறைமுகத்துக்குள்ளேயே மாறவேணும். அது ஒரு நாள், நெரிசல் எண்டால் ரெண்டு மூண்டு. ஃபீடர் பிந்தினால் தாய்க்கப்பல் நிக்காது. அடுத்த கப்பல் அடுத்த கிழமை. அந்த ஒரு கிழமையைச் சில நிறுவனங்கள் முன்னமே ஷெட்யூலில சேர்த்து எழுதிவிடுவினம். அதையும் நேர்மை எண்டுதான் நான் சொல்லுவன். ரெண்டு நாள் எண்டு எழுதிப்போட்டு ஒன்பது நாள் வைக்கிறவையும் இருக்கினம்.

2024இல செங்கடல் பிரச்சினையால கப்பல்கள் எல்லாம் நேரங்கெட்ட நேரத்தில ஒண்டாக வந்து குவிஞ்சது. அப்ப பார்த்தன், ஆருக்கு முனையத்தில பங்கிருக்கோ, ஆருக்கு நிரந்தர நேரம் ஒதுக்கியிருக்கோ அவையின்ர கப்பல் முதல்ல கட்டும். மற்றவை வெளியில நங்கூரத்தில நிண்டவை. பெரிய நிறுவனங்கள் எல்லாம் முனையம் வாங்கினது சும்மா இல்லை. காஸ்கோவுக்கு கிரேக்கத்தில பிரேயஸ் துறைமுகம், எம்.எஸ்.சி.க்கு தன்ர முனையக் கம்பனி. ஹபாக் லாய்ட் 2023இல உங்கட நாட்டு ஜே.எம். பக்ஸி துறைமுகக் கம்பனியில பங்கு வாங்கினது. அந்த பக்ஸிக்குத் தூத்துக்குடியிலேயே முனையம் இருக்கெல்லோ. ஜெமினி தொடங்கேக்க "தொண்ணூறு வீதத்துக்கு மேல நேரத்துக்கு வருவம்" எண்டு சொன்னவை. அதின்ர அடிப்படையும் இதுதான்: தாய்க்கப்பல் கனக்கத் துறைமுகத்துக்குப் போகாமல் தங்கட கட்டுப்பாட்டில இருக்கிற சில மையங்களுக்கு மட்டும் போறது, மிச்சத்துக்கு ஃபீடர். தொடங்கின மாதங்களில சொன்னதைக் கிட்டத்தட்டச் செய்துகாட்டினவை.

இப்ப கேரளத்தில விழிஞ்ஞம் துறைமுகம் வேற வந்திட்டுது. 2025 ஜூனில எம்.எஸ்.சி. ஐரினா அங்க கட்டினது. எங்களுக்கு அது கொஞ்சம் வயித்தைக் கலக்கிற விசயம்தான், மறைக்கேல்ல.

---

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி. ஆனா நேரத்துக்கு வர்றவனுக்கு ஒரு டாலர் அதிகம் கொடுப்பீங்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க. கடைசியில எல்லாரும் ரேட்டைத்தானே பாக்குறோம்?

---

முத்துநகர் ஃபார்வர்டர்:

கணக்குப்பிள்ளை சார், இது நல்ல கேள்வி. மெர்ஸ்க்கே இதைக் காசு போட்டுப் பாத்திருக்கான். 2011 அக்டோபர்ல டெய்லி மெர்ஸ்க்னு ஒண்ணு ஆரம்பிச்சான். ஆசியாவுல நாலு போர்ட், ஐரோப்பாவுல மூணு. தினமும் சரக்கு எடுப்போம், சொன்ன நாள்ல சேப்போம், ஒண்ணுல இருந்து மூணு நாள் பிந்துனா பெட்டிக்கு நூறு டாலர், நாலு நாளோ அதுக்கு மேலயோ ஆனா முந்நூறு டாலர் நஷ்ட ஈடு. சொன்னபடி பெரும்பாலும் செஞ்சும் காட்டினான். ஆனா சந்தை சரிஞ்ச நேரம் அது. பக்கத்து லைன் ஐம்பது டாலர் குறைச்சா பார்ட்டி அங்க போயிட்டான். பிறகு அந்தத் திட்டத்தைச் சத்தமில்லாம விட்டுட்டாங்க. ஐ.பி.எம்.மோட சேந்து 2018ல டிரேட்லென்ஸ்னு சரக்கு விவரத்தை ஆன்லைன்ல பகிருத தளம் கொண்டாந்தாங்களே, அதுக்கும் நாலு வருஷத்துல மூடுவிழா அறிவிச்சாச்சு.

அதனால நேரத்துக்குக் கூடுதல் காசு யாரும் கொடுக்க மாட்டான்னுதான் நானும் நினைக்கேன். ஆனா ஒண்ணு இருக்கு. ரேட் ஒண்ணுபோல இருந்தா சரக்கை நேரத்துக்கு வாறவனுக்குத்தான் தருவான். லைன்காரனுக்குக் கப்பல் நிறைஞ்சு போகுததுதான் காசு. நல்ல வருஷமோ கெட்ட வருஷமோ, இவன் கப்பல் தொண்ணூத்தஞ்சு சதவீதம் நிறைஞ்சு அடுத்தவன் கப்பல் எண்பதோட போச்சுன்னா, ஒரே ரேட்டுல இவனுக்கு லாபம் அவனுக்கு நட்டம். இது பெரிய லைனுக்கு மட்டும் இல்ல. ஆசியாவுக்குள்ளேயே சின்னக் கப்பல் ஓட்டுத எஸ்.ஐ.டி.சி.யைப் பாருங்க. ஐரோப்பாவுக்குப் போகவே மாட்டான். குறைஞ்ச தூரம், அடிக்கடி கப்பல், போகும்போதும் சரக்கு, வரும்போதும் சரக்கு. காலிப் பெட்டியைச் சுமக்குத தொல்லை குறைவு. ராட்சசக் கப்பல்காரன் நட்டம் காட்டுன வருஷத்துலயும் அவன் லாபம் காட்டியிருக்கான்.

இப்ப தம்பிக்கு. மூணு லைனோட ஆளையும் தனித்தனியா கூப்பிட்டு ரேட்டைப் பேசாதீங்க, மொதல்ல இதைக் கேளுங்க. வாரத்துக்கு இத்தனை ஹை க்யூப் எனக்குன்னு எழுதித் தருவியா? துணிக்கு ஆகுத பெட்டியா? தூத்துக்குடி யார்டுலயே தருவியா, இல்ல சென்னையில இருந்து இழுத்துட்டு வரச் சொல்லுவியா? ஃபீடர் யாரோடது, உன்னோடதா, வாடகை ஸ்லாட்டா? கொழும்புல எந்த முனையத்துல இறங்கும், மதர் வெசல் எந்த முனையம்? கப்பலை ரத்து பண்ணுனா எத்தனை நாள் முன்னாடி சொல்லுவ? இதுக்கெல்லாம் நேராப் பதில் சொல்லுத ஆள் எந்த லைன்ல இருக்கானோ, அந்த லைனுக்குத் தூத்துக்குடி மேல அக்கறை இருக்குன்னு அர்த்தம். "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுதேன்"னு மூணு தடவை சொன்னா, ரேட் ஏறுனதும் உங்க பெட்டியைத்தான் மொதல்ல ரோல் பண்ணுவான், அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளிருவான். கான்ட்ராக்ட் கையில இருந்தாலும்.

மொத்தத்தையும் ஒருத்தன்கிட்ட கொடுக்காதீங்க. முக்கால்வாசியை ஒருத்தனுக்கும் மிச்சத்தை வேற கூட்டணியில உள்ள ஒருத்தனுக்கும் கொடுங்க. நீங்க சொன்ன முதல் ரெண்டு லைனுக்கே பிரிச்சுக் கொடுத்தா பிரிச்சதுல அர்த்தமே இல்ல. கப்பல் ஒண்ணுதானே, அது பிந்துனா ரெண்டும் பிந்தும்.

இன்னொண்ணு, சி.ஐ.எஃப்.ன்னு பையர் கேட்டா, பெட்டிச் சரக்குக்கு சி.ஐ.பி. (கூலியும் இன்சூரன்சும் நம்மதுதான், ஆனா பெட்டியை லைன்காரன்கிட்ட ஒப்படைச்சதுமே சரக்குப் பொறுப்பு மாறிரும்) போடலாமான்னு பேசிப் பாருங்க. கன்டெய்னருக்கு அதுதான் பொருத்தம்னு சர்வதேச வணிகச் சபையே சொல்லுது. நடைமுறையில எல்லாரும் சி.ஐ.எஃப்.தான் எழுதுதாங்க, அது வேற கதை. ஹாம்பர்க்குல எத்தனை ஃப்ரீ டேஸ்னு (பெட்டிக்குத் தாமதக் கட்டணம் இல்லாத நாள்) கண்டிப்பா எழுத்துல வாங்கிருங்க. பையர் சரக்கை எடுக்காம விட்டுட்டா, டெமரேஜ் டிடென்ஷன்னு அந்தத் தாமதக் கட்டணப் பில்லு சுத்திச் சுத்தி பி.எல்.ல (கப்பல் சரக்கு ரசீது) ஷிப்பர்னு (சரக்கு அனுப்புனவர்) பேர் இருக்குத உங்க முதலாளிகிட்டத்தான் வரும்.

---

பனியன்காரன்:

அண்ணாச்சி, மூணு பேருக்கும் இந்தக் கேள்வியை அப்படியே மெயில் போட்டுட்டேனுங்க. இப்ப வரைக்கும் ரெண்டாவது லைன்காரர் மட்டும் போன்லயே பதில் சொன்னார், ஃபீடர் அவங்களோடது இல்லைன்னு ஒத்துக்கிட்டார். ரேட் அவருதுதான் மூணுலயும் ஜாஸ்தி. முதலாளிகிட்ட நாளைக்குக் காலையில பேசணும். மூணாவது லைன்ல இருந்து "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" வந்திருக்கு, முதல் தடவை.